மார்க்கஸ் (உரோமானியப் பெயர்)

மார்க்கஸ் என்பது பண்டைய உரோமையில் ஆண் குழந்தைகளுக்கு இடப்பட்ட ஓர் இலத்தீன் முன்பெயர் ஆகும். லூக்கியஸ், கையஸ் ஆகியவற்றோடு உரோமானியரிடையே மிகப் பரவலாக வழங்கிய மூன்று முன்பெயர்களுள் இதுவும் ஒன்று. 'மார்ஸ் கடவுளுக்கு உரியவன்' என்பது இதன் பொருளாகக் கொள்ளப்படுகிறது. பேச்சாளர் சிசெரோ, படைத்தலைவர் அந்தோனியஸ், சீசரைக் கொன்றவர்களுள் ஒருவரான புரூட்டஸ், மெய்யியலாளராகவும் விளங்கிய பேரரசர் அவுரேலியஸ் ஆகிய நால்வரின் முதற்பெயரும் மார்க்கஸ்தான்.

குழந்தைப் பெயர்ப் பட்டியல்களில் மார்க்கஸ் என்பதற்குப் 'போர்வீரன்' என்று ஒரே சொல்லில் பொருள் தந்துவிடுவார்கள். உரோமானியப் பெற்றோர் இந்தப் பொருளைக் கருதிப் பெயரிட்டதாகத் தெரியவில்லை. ஒருவர் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர், உரோமைக் குடியுரிமை உடையவரா என்பதை அறிவிக்கும் அடையாளமாகவே இப்பெயர் பயன்பட்டது. அதனால்தான் விடுதலை பெற்ற அடிமைக்கு இது பரிசாகக் கிடைத்தது. புகழ்பெற்ற இரண்டு குடும்பங்களிடமிருந்து தண்டனையாகப் பறிக்கவும் பட்டது.

சொற்பிறப்பு

மார்க்கஸ் என்ற பெயர் மார்ஸ் என்னும் கடவுளின் பெயரிலிருந்து பிறந்தது என்பதே மொழியியலாளர் பலரும் ஏற்கும் விளக்கம். மார்ஸ் என்ற சொல்லின் அடி 'மார்த்' என்பதாகும். இதனுடன் 'உரியவன்' என்று பொருள்படும் 'கோஸ்' என்ற பழைய விகுதி சேர்ந்து, இடையிலுள்ள ஒலி மறைந்து மார்க்கஸ் ஆயிற்று என்பர்.

மார்ஸ் போர்க் கடவுள் என்றே இன்று பலரும் அறிவர். பழைய உரோமையில் அவர் வயலையும் கால்நடையையும் காக்கும் கடவுளாகவும் வணங்கப்பட்டார். மூத்த காட்டோ எனப்படும் மார்க்கஸ் போர்க்கியஸ் காட்டோ (கி.மு. 234 – 149) எழுதிய வேளாண்மை நூலில், நிலத்தையும் பயிரையும் நோயிலிருந்து காக்கும்படி மார்ஸிடம் வேண்டும் முறை விளக்கப்பட்டுள்ளது. உரோமை நகரை நிறுவியதாகக் கூறப்படும் ரோமுலஸின் தந்தையும் மார்ஸே என்பது உரோமானியரின் நம்பிக்கை. ஆகவே 'மார்ஸுக்கு உரியவன்' என்பதைப் 'போர்வீரன்' என்று மட்டும் சுருக்கிவிட முடியாது.

உரோமானியரின் பழைய நாட்காட்டியில் ஆண்டின் முதல் மாதமாக இருந்த மார்ச், அக்கடவுளின் பெயரையே தாங்கியது. மார்ச் மாதத்தில் பிறந்தவர்களுக்கே மார்க்கஸ் என்று பெயரிட்டார்கள் என்று பழைய இலத்தீன் குறிப்பொன்று கூறுகிறது. தொடக்கத்தில் அப்படி இருந்திருக்கலாம். வரலாறு நன்கு அறியப்படும் காலத்திலோ பிறந்த மாதத்திற்கும் இப்பெயருக்கும் தொடர்பில்லை. சிசெரோ பிறந்தது சனவரி 3 அன்று. பேரரசர் மார்க்கஸ் அவுரேலியஸ் பிறந்தது ஏப்ரல் 26 அன்று.

இலத்தீனிலும் தமிழைப் போலவே பெயர்ச்சொல் வேற்றுமை உருபு ஏற்று மாறும். எழுவாயாக நிற்கும்போது 'மார்குஸ்', செயப்படுபொருளாகும்போது 'மார்கும்', உடைமைப் பொருளில் 'மார்கீ', கொடைப் பொருளில் 'மார்கோ', விளிக்கும்போது 'மார்கே'. 'மார்க்' என்ற அடிச்சொல் மட்டுமே மாறாமல் நிற்பதை இவ்வடிவங்களில் காணலாம். பிற்கால மொழிகளில் இப்பெயர் பல வடிவங்கள் பெற்றபோதும் இந்த அடி நிலைத்திருந்தது.

முப்பெயர் முறை

குடியரசுக் காலத்தின் இறுதியில் உரோமானிய ஆண் ஒருவரின் பெயரில் பெரும்பாலும் மூன்று பகுதிகள் இருந்தன. முதலாவது முன்பெயர், இது தனி ஆளைக் குறித்தது. இரண்டாவது குலப்பெயர், இதுவே முதன்மையானது. மூன்றாவது கிளைப்பெயர், ஒரே குலத்தின் உட்பிரிவைக் காட்டியது. மார்க்கஸ் துல்லியஸ் சிசெரோ என்பதில் மார்க்கஸ் முன்பெயர், துல்லியஸ் குலப்பெயர், சிசெரோ கிளைப்பெயர்.

கிளைப்பெயர்கள் பல, பட்டப்பெயர்களாகத் தோன்றியவை. சிசெரோ என்ற பெயர் கொண்டைக்கடலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அரசியலுக்கு வரும்போது இப்பெயரை விட்டுவிடும்படி நண்பர்கள் கூற, அதைப் பெருமைக்குரிய பெயராக மாற்றிக் காட்டுவதாக அவர் மறுமொழி கூறினார் என்று வரலாற்றாசிரியர் புளூட்டார்க் எழுதியுள்ளார்.

மூன்றனுள் மிகக் குறைந்த வகைகளை உடையது முன்பெயரே. குடியரசின் இறுதிக் காலத்தில் பொதுவழக்கில் இருந்த முன்பெயர்கள் 20க்கும் குறைவு. எனவே அவற்றை முழுமையாக எழுத வேண்டிய தேவை இருக்கவில்லை. கல்வெட்டிலும் ஏட்டிலும் 'எம்' என்ற ஒற்றை எழுத்தைப் பொறித்தாலே மார்க்கஸ் என்று படித்துக்கொள்வார்கள். மானியஸ் என்ற வேறொரு முன்பெயரும் அதே எழுத்தில் தொடங்கியதால், அதற்கு மட்டும் எழுத்தின் பக்கத்தில் ஒரு சிறு குறி இட்டு வேறுபடுத்தினர்.

உரோமை நகரிலுள்ள பாந்தியன் கோயிலின் முகப்பில் இந்தச் சுருக்கத்தை இன்றும் காணலாம். லூக்கியஸின் மகன் மார்க்கஸ் அக்ரிப்பா மூன்றாம் முறை கான்சலாக இருந்தபோது அதைக் கட்டினார் என்பது அங்குள்ள கல்வெட்டின் செய்தி. அதில் மார்க்கஸும் லூக்கியஸும் ஒவ்வோர் எழுத்தாகவே பொறிக்கப்பட்டுள்ளனர். கான்சல் என்பது ஆண்டுதோறும் இருவர் வகித்த உயர் ஆட்சிப் பதவி. அக்ரிப்பாவின் மூன்றாம் கான்சல் பதவி கி.மு. 27இல் அமைந்தது. இப்போதுள்ள கட்டடம் பிற்காலத்தில் பேரரசர் ஹேட்ரியன் காலத்தில் எழுப்பப்பட்டதாயினும், பழைய பெயரே முகப்பில் பேணப்பட்டது.

பெயரிடும் வழக்கம்

ஆண் குழந்தைக்குப் பிறந்த ஒன்பதாம் நாளிலும், பெண் குழந்தைக்கு எட்டாம் நாளிலும் தூய்மைச் சடங்கு செய்து பெயரிட்டனர். தந்தையின் முன்பெயரை மூத்த மகனுக்கு இடுவது பெருவழக்கு. சிசெரோவின் பாட்டனார், தந்தை, சிசெரோ, அவருடைய மகன் ஆகிய நான்கு தலைமுறையினரும் மார்க்கஸ் துல்லியஸ் சிசெரோ என்ற ஒரே பெயரைக் கொண்டிருந்தனர். சிசெரோவின் தம்பி குவின்டஸ் எனப் பெயர் பெற்றார். 'ஐந்தாமவன்' என்பது இதன் பொருள். ஆனால் அவர் ஐந்தாவது பிள்ளை அல்லர். பெயரின் பொருள் வழக்கத்தில் எவ்வளவு மங்கிவிட்டது என்பதற்கு இது நல்ல சான்று.

பெண்களுக்கு இக்காலத்தில் முன்பெயர் வழங்குவது அரிதாகிவிட்டது. குலப்பெயரின் பெண்பால் வடிவமே அவர்களின் பெயராயிற்று. துல்லியஸ் குலத்துச் சிசெரோவின் மகள் துல்லியா; அந்தோனியஸ் குலத்து மகள்கள் அனைவரும் அந்தோனியா. 'மார்க்கியா' என்ற பெண்பெயரும் மார்க்கஸ் என்பதிலிருந்து நேராக வந்ததன்று. மார்க்கியஸ் என்ற குலப்பெயரின் பெண்பால் வடிவம் அது.

விடுதலையோடு கிடைத்த பெயர்

அடிமைக்கு உரோமைச் சட்டத்தில் முன்பெயரும் இல்லை, குலப்பெயரும் இல்லை. ஒற்றைப் பெயரால்தான் அவர் அழைக்கப்பட்டார். தலைவர் முறைப்படி விடுதலை செய்தால் அடிமை குடியுரிமை பெறுவார். அப்போது தலைவரின் முன்பெயரையும் குலப்பெயரையும் ஏற்று, தம் பழைய பெயரை மூன்றாவதாக வைத்துக்கொள்வார்.

சிசெரோவின் செயலாளராக இருந்த தீரோ இதற்கு எடுத்துக்காட்டு. அடிமையாக இருந்த அவரைச் சிசெரோ கி.மு. 53இல் விடுவித்தார். அன்றுமுதல் அவர் பெயர் மார்க்கஸ் துல்லியஸ் தீரோ. தீரோவின் விடுதலையைக் குறித்து மகிழ்ந்து குவின்டஸ் தம் அண்ணனுக்கு எழுதிய கடிதம் இன்றும் உள்ளது. சிசெரோவின் எழுத்துகள் பிற்காலத்திற்குக் கிடைத்ததில் தீரோவின் உழைப்புக்குப் பெரும்பங்கு உண்டு. அவர் பெயரால் ஒரு சுருக்கெழுத்து முறையும் வழங்குகிறது.

கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த அங்கதக் கவிஞர் பெர்சியஸ், விடுதலைச் சடங்கு ஒரு நொடியில் முடிந்துவிடுவதைக் கேலி செய்கிறார். தாமா என்னும் அடிமை அச்சடங்கு முடிந்து வெளியே வரும்போது மார்க்கஸ் தாமா ஆகிவிடுகிறான். குடிமகன் என்பதைக் காட்ட எந்த முன்பெயரும் போதும். கவிஞர் எடுத்துக்கொண்டது மார்க்கஸ்.

தடைசெய்யப்பட்ட பெயர்: மான்லியஸ் குலம்

மார்க்கஸ் மான்லியஸ் என்பவர் கி.மு. 392இல் கான்சலாக இருந்தவர். கி.மு. 390 அளவில் கௌல் இனத்தவர் உரோமையைத் தாக்கியபோது, ஜூனோ தெய்வத்தின் வாத்துகள் எழுப்பிய சத்தத்தால் விழித்தெழுந்து கேபிட்டல் குன்றைக் காத்தவர் இவரே என்று மரபுச் செய்தி கூறுகிறது. பின்னாளில் இவர் கடனில் மூழ்கிய எளிய மக்களின் பக்கம் நின்றார். அவர்களின் ஆதரவால் தம்மை மன்னராக்கிக்கொள்ள முயன்றார் என்று குற்றம் சாட்டப்பட்டு, கி.மு. 384இல் கொல்லப்பட்டார். அவர் தள்ளிவிடப்பட்ட தார்ப்பேயப் பாறை, அவர் காத்த அதே குன்றில்தான் இருந்தது.

அவருடைய இறப்புக்குப் பிறகு, தம் குலத்தில் இனி எவருக்கும் மார்க்கஸ் என்று பெயரிடுவதில்லை என மான்லியஸ் குலத்தார் தீர்மானித்ததாக வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். கிளாடியஸ் குலத்தாரும் இதுபோல் லூக்கியஸ் என்ற பெயரை ஒதுக்கினர். அப்பெயருடைய இருவர் கொள்ளை, கொலைக் குற்றங்களுக்குத் தண்டனை பெற்றதே காரணம் என்கிறார் சுவெட்டோனியஸ்.

தடைசெய்யப்பட்ட பெயர்: அந்தோனியஸ் குலம்

மான்லியஸ் குலத்தார் தாமே முடிவு செய்தனர். அந்தோனியஸ் குலத்திற்கோ உரோமையின் செனட் அவையே தடை விதித்தது. இத்தடையின் பின்னணியில் இரண்டு குடும்பங்களின் மூன்று தலைமுறை வரலாறு உள்ளது.

சிசெரோவின் இளமைக்காலத்தில் உரோமையின் தலைசிறந்த பேச்சாளர்களுள் ஒருவராக இருந்தவர் மார்க்கஸ் அந்தோனியஸ். கி.மு. 87இல் உள்நாட்டுப் பூசலில் அவர் கொல்லப்பட்டார். அவருடைய தலை, மக்கள் கூடும் சதுக்கத்திலிருந்த பேச்சு மேடையில் வைக்கப்பட்டது. சிசெரோ அவர்மீது பெருமதிப்புக் கொண்டிருந்தார். கி.மு. 55இல் பேச்சுக்கலை பற்றி உரையாடல் வடிவில் எழுதிய நூலில், அவரை முதன்மைப் பாத்திரங்களுள் ஒருவராக அமைத்துப் பேசவைத்தார்.

அந்தப் பேச்சாளரின் பேரனே ஷேக்ஸ்பியரின் நாடகம் வழியாக மார்க் ஆண்டனி என்று உலகம் அறிந்த மார்க்கஸ் அந்தோனியஸ். கி.மு. 44இல் சீசர் கொல்லப்பட்டபின், இவருடைய அதிகாரத்தை எதிர்த்துச் சிசெரோ 14 உரைகளை இயற்றினார். அடுத்த ஆண்டு அந்தோனியஸ், லெப்பிடஸ், ஆக்டேவியன் ஆகிய மூவரும் ஆட்சியைக் கைப்பற்றித் தங்கள் எதிரிகளின் கொலைப்பட்டியலை வெளியிட்டனர். கி.மு. 43 திசம்பர் 7 அன்று சிசெரோ கொல்லப்பட்டார். அவருடைய தலையும், அந்த உரைகளை எழுதிய கையும் பேச்சு மேடையில் வைக்கப்பட்டன. அந்தோனியஸின் பாட்டனார் தலை 44 ஆண்டுகளுக்கு முன் வைக்கப்பட்டதும் பேச்சு மேடையில்தான்.

அப்போது சிசெரோவின் மகன் இளைய மார்க்கஸுக்கு வயது 22. ஏதென்சில் கல்வி கற்றுவந்த அவர் புரூட்டஸின் படையில் சேர்ந்திருந்தார். பின்னர் மன்னிக்கப்பட்டு உரோமைக்குத் திரும்பினார். கி.மு. 31இல் ஆக்டியம் கடற்போரில் ஆக்டேவியன் அந்தோனியஸை வென்றார். மறு ஆண்டு அந்தோனியஸ் அலெக்சாந்திரியாவில் தற்கொலை செய்துகொண்டார். அதே ஆண்டில் ஆக்டேவியன் இளைய மார்க்கஸைத் தம் உடன் கான்சலாக ஆக்கிக்கொண்டார்.

அவர் கான்சலாக இருந்தபோது அந்தோனியஸின் சிலைகளை அகற்றவும், அவர் பெற்ற சிறப்புகளை நீக்கவும், அந்தோனியஸ் குலத்தில் இனி எவரும் மார்க்கஸ் என்ற பெயரை வைத்துக்கொள்ளக் கூடாது எனவும் செனட் முடிவெடுத்தது என்கிறார் புளூட்டார்க். தந்தையைக் கொல்வித்தவரின் குடும்பத்திற்குத் தண்டனை வழங்கும் வாய்ப்பு மகனின் ஆட்சிக்காலத்தில் அமைந்ததைத் தெய்வச் செயலாகவே அவர் காண்கிறார்.

தடை செய்யப்பட்ட பெயர்தான் தடைசெய்த கான்சலின் பெயரும். ஆக்டேவியனின் நெருங்கிய நண்பரும் ஆக்டியம் வெற்றிக்குக் காரணமானவருமான அக்ரிப்பாவும் மார்க்கஸ்தான். ஆகவே மார்க்கஸ் என்ற சொல்லை எவரும் தீயதாகக் கருதவில்லை. அந்தோனியஸ் என்ற குலப்பெயருடன் அது சேரும்போது உயிர்பெறும் நினைவையே அவையினர் அஞ்சினர். தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கிவந்த பெயரை நிறுத்துவது, அந்தக் குடும்பத்தின் தொடர்ச்சியைப் பொதுவெளியில் அறுப்பதற்கு ஒப்பாகும்.

அந்தோனியஸின் மூத்த மகனான மார்க்கஸ், தந்தை இறந்த சில நாட்களிலேயே கொல்லப்பட்டார். யூல்லஸ் என்ற வேறு முன்பெயர் கொண்டிருந்த இளைய மகன் உயிர் தப்பி, கி.மு. 10இல் கான்சலும் ஆனார். அவர் தம் மகனுக்கு லூக்கியஸ் என்று பெயரிட்டார்.

எனினும் தடை எட்டாத ஓரிடம் இருந்தது. பெண்ணொருத்தியால் விடுதலை பெறும் அடிமை, அவளுடைய தந்தையின் முன்பெயரை ஏற்பது வழக்கம். அந்தோனியஸின் மகளான இளைய அந்தோனியா விடுவித்த பல்லாஸ், மார்க்கஸ் அந்தோனியஸ் பல்லாஸ் ஆனார். பின்னாளில் பேரரசர் கிளாடியஸின் கருவூலப் பொறுப்பாளராக உயர்ந்தவர் இவர். பேரன்கள் தாங்க முடியாத பெயரை முன்னாள் அடிமைகள் தாங்கினர்.

எல்லோருக்கும் கிடைத்தபோது

கி.பி. 161 முதல் 180 வரை ஆண்ட மார்க்கஸ் அவுரேலியஸ் இப்பெயருக்கு அறிவுப் புகழைச் சேர்த்தார். தமக்காக அவர் கிரேக்க மொழியில் எழுதிவைத்த சிந்தனைக் குறிப்புகள் இன்றும் உலகெங்கும் படிக்கப்படுகின்றன.

கி.பி. 212இல் பேரரசர் கரகல்லா, பேரரசில் வாழ்ந்த அடிமையல்லாத மக்கள் ஏறத்தாழ அனைவருக்கும் குடியுரிமை வழங்கினார். அவருடைய ஆட்சிப்பெயரிலும் மார்க்கஸ் அவுரேலியஸ் என்ற தொடர் இருந்தது. குடியுரிமை தந்தவரின் பெயரை ஏற்பது மரபாதலால், புதிய குடிமக்களுள் மிகப் பலர் அவுரேலியஸ் ஆயினர். ஆண்களில் பலர் மார்க்கஸ் அவுரேலியஸ் ஆயினர். ஊரில் பெரும்பாலோருக்கும் ஒரே முன்பெயர் என்றால் அதை எழுதுவதால் பயனில்லை. எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் ஆவணங்களில் அவுரேலியஸ் என்று மட்டும் எழுதி, மார்க்கஸைப் பெரும்பாலும் விட்டுவிட்டனர். அடுத்த நூற்றாண்டுகளில் முன்பெயர் வழக்கமே படிப்படியாக மறைந்தது.

மறைந்த பெயர் மீண்ட விதம்

உரோமானியக் குடும்பங்களிடையே மங்கிய இப்பெயர், கிறித்தவ மரபின் வழியாக மீண்டும் பரவியது. புதிய ஏற்பாட்டில், எருசலேமில் வாழ்ந்த ஒருவர் யோவான், மாற்கு என்னும் இரு பெயர்களால் குறிப்பிடப்படுகிறார். முதலாவது எபிரேயப் பெயர். இரண்டாவது உரோமானியப் பெயர். நற்செய்தி நூல் நான்கனுள் ஒன்றை எழுதியவர் இவரே என்பது திருச்சபை மரபு. எகிப்தின் அலெக்சாந்திரியாவில் திருச்சபையைத் தொடங்கியவராகவும் இவர் போற்றப்படுகிறார்.

அலெக்சாந்திரியாவிலிருந்து இவருடைய உடல் எச்சங்கள் 828ஆம் ஆண்டில் வெனிஸ் நகருக்குக் கொண்டுவரப்பட்டதாகக் கூறப்படுகிறது. அதன்பின் வெனிஸ் இவரைத் தன் காவலராக ஏற்றது. இவருடைய சின்னமான சிறகுள்ள சிங்கம் நகரின் சின்னமாயிற்று. வெனிஸில் மார்கோ என்ற பெயர் பெருகியது. அந்நகரத்து வணிகரான மார்கோ போலோ (1254 – 1324), 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்டு, காயல் துறைமுகம் பற்றியும் முத்துக்குளிப்பு பற்றியும் கூறிச் சென்றவர்.

இன்றைய வடிவங்கள்

இத்தாலிய மொழியில் மார்கோ, ஸ்பானியத்தில் மார்கோஸ், ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் மார்க், போலந்து, செக் மொழிகளில் மாரெக், செருமானியத்தில் மார்க்குஸ் என்று இப்பெயர் வழங்குகிறது. மார்செல், மார்செல்லோ ஆகியவை மார்க்கஸின் குறுமை வடிவமான மார்கெல்லஸிலிருந்து வந்தவை. மார்ட்டின் என்பது மார்ஸின் பெயரிலிருந்து தனியே கிளைத்த உறவுப்பெயர். மாரியோ என்ற பெயர் மாரியஸ் என்னும் வேறொரு குலப்பெயரின் வழிவந்தது. அதை மார்க்கஸுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஆங்கிலம் பேசும் நாடுகளில் மார்க்கஸ் என்ற முழுவடிவமும் வழக்கில் உள்ளது. கறுப்பின மக்களின் உரிமைக்காக உழைத்த ஜமைக்காவின் மார்க்கஸ் கார்வி (1887 – 1940), ஆஸ்திரேலியத் துடுப்பாட்ட வீரர் மார்கஸ் ஸ்டோய்னிஸ் ஆகியோர் அறியப்பட்ட எடுத்துக்காட்டுகள்.

தமிழில்

விவிலிய மொழிபெயர்ப்புகள் வழியாக இப்பெயர் தமிழில் மாற்கு என நிலைபெற்றுள்ளது. இலத்தீன் விகுதியை நீக்கி, மேற்கு, தெற்கு என்பவற்றைப் போல வல்லின றகர மெய்யும் குற்றியலுகரமும் பெற்று அமைந்த வடிவம் இது. வரலாற்று நூல்களில் மார்க்கஸ், மார்க்கசு, மார்க்குஸ் என்று பலவாறு எழுதப்படுகிறது. மார்க் ஆண்டனி என்ற ஆங்கில வழி வடிவம், 1995இல் வெளிவந்த 'பாட்ஷா' திரைப்படத்தின் எதிர்நாயகன் பெயராகத் தமிழ்நாட்டில் பரவலாக அறியப்பட்டது. கி.மு. 30இல் செனட் அவை வழக்கிலிருந்து அகற்ற முடிவு செய்த இருபெயர்ச் சேர்க்கை அதுவே.